காலியம் நைட்ரைடு படலத்தில் குறைபாடு எந்தக் கட்டத்தில் பிறந்தது என்று கண்டறிந்து அதைக் குறைப்பது எப்படி?

சஃபையர் தகட்டின் மீது வளர்த்த காலியம் நைட்ரைடு படலத்தை எக்ஸ் கதிர் அளவீட்டுக்கு அனுப்பி, வந்த எண் (படிக ஒழுங்கு குலைந்த அளவைக் காட்டும் கோட்டின் அகலம்) எதிர்பார்த்ததைவிட மோசமாக இருக்கும்போது, வளர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் பிரதான அடுக்கின் வெப்பநிலையைப் பத்து டிகிரி ஏற்றிப் பார்ப்பார்கள், அல்லது அம்மோனியாவின் பாய்வைக் கூட்டிப் பார்ப்பார்கள். இதனால் பல சமயம் எதுவும் மாறாது. பிரதான அடுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வளர்ந்தாலும், அந்த எண்ணைத் தீர்மானித்தவை அதற்கு முன் கழிந்த சில நிமிடங்கள்தாம். படலத்தில் காணப்படும் ஒவ்வொரு வகைக் குறைபாட்டுக்கும் அது பிறக்கும் கட்டம் என்று ஒன்று உண்டு. அந்தக் கட்டத்தை அடையாளம் காணாமல் செய்முறையில் எந்த எண்ணை மாற்றினாலும் அது குருட்டு முயற்சியாகவே முடியும். எனவே முதலில் படலத்தை வாசிப்பது எப்படி என்றும், பிறகு வளர்ப்பின் கால வரிசையிலேயே ஒவ்வொரு கட்டத்திலும் என்ன பிழை நேர்கிறது, அதைத் திருத்த எதைத் தொட வேண்டும் என்றும் இங்கே பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டிருப்பது சி தளச் சஃபையரின் (சி அச்சு என்னும் அறுகோண அச்சுக்குச் செங்குத்தாக வெட்டிய அலுமினியம் ஆக்சைடு படிகத்தின்) மீது, ஆய்வுக்கூடங்களில் எம்ஓசிவிடி என்று வழங்கும் உலோகக் கரிம ஆவிப் படிவு முறையில் வளரும் காலியம் நைட்ரைடு. நீல எல்இடி விளக்குகள் பெருவாரியாக இந்த இணையின் மீதே செய்யப்படுகின்றன. பொருந்தாத இரண்டு படிகங்களைச் சேர்த்து வைப்பதில் உள்ள சங்கடங்கள் அனைத்தும் இதில் பெரிய அளவில் தெரிவதால், கற்றுக்கொள்வதற்கும் இதுவே நல்ல களம்.

பொருந்தாமை எவ்வளவு, அது எங்கே போகிறது?

காலியம் நைட்ரைடின் அணிக்கோவை மாறிலி (அணு அமைப்பு திரும்பத் திரும்ப வரும் இடைவெளி) அடித்தளத்தில் 3.189 ஆங்ஸ்ட்ராம், சஃபையருடையது 4.758 ஆங்ஸ்ட்ராம். படலம் தகட்டின் மீது 30 டிகிரி திரும்பி உட்கார்வதால், ஒப்பிட வேண்டிய சஃபையர் இடைவெளி 2.747 ஆங்ஸ்ட்ராம் ஆகிறது. அப்படியும் பொருந்தாமை ஏறத்தாழ 16 சதவீதம். காலியம் ஆர்சனைடின் மீது இண்டியம் காலியம் ஆர்சனைடு வளர்ப்பவர்களுக்குப் பழக்கமான மாறுநிலைத் தடிமன் என்ற கருத்து இங்கே அவ்வளவாக உதவாது. மேத்யூஸும் பிளேக்ஸ்லியும் 1974-இல் தந்த அந்தக் கணக்கு, ஓரிரு சதவீதத் திரிபை (நீட்சியை அல்லது அமுக்கத்தை)த் தாங்கிக்கொண்டு சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரை ஒழுங்காக வளர்ந்து, பிறகு தளர்ந்து இடப்பிறழ்வுகளை (அணுவரிசை ஒரு கோட்டின் வழியே குலையும் குறைபாடுகளை) விடும் படலங்களுக்கு உரியது. 16 சதவீதத்தில் தாங்குவதற்கே இடமில்லை. தொடக்கத்திலேயே ஆறு காலியம் நைட்ரைடுத் தளங்களுக்கு எதிரே ஏழு சஃபையர்த் தளங்கள் என்ற கணக்கில் இடைமுகம் தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

இப்படி இடைமுகத்திலேயே படுத்திருக்கும் பொருந்தாமைப் பிறழ்வுகள், எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும், மேலே உள்ள கருவிக்கு நேரடியாகத் தீங்கு செய்வதில்லை. தீங்கு செய்பவை இடைமுகத்திலிருந்து கிளம்பி வளர்ச்சித் திசையிலேயே ஏறி மேற்பரப்புவரை ஊடுருவும் பிறழ்வுகள். சி தளத்தில் வளரும் இந்தப் படிகத்தில், தளத்துக்கு இணையாகச் செயல்படும் திரிபு அடித்தள வழுக்குத் தளத்திலோ செங்குத்து வழுக்குத் தளத்திலோ நழுவலை, அதாவது அணுத்தளங்கள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்குவதை, தூண்டாது. ஆகவே ஊடுருவும் பிறழ்வுகள் நழுவி வந்து சேர்ந்தவை அல்ல. வளர்ச்சி தொடங்கிய விதமே அவற்றை உண்டாக்குகிறது. பொருந்தாமையின் அளவை மாற்ற நம்மால் முடியாது. தொடங்கும் விதத்தை மாற்ற முடியும். இந்தத் துறையின் பெரும் பாய்ச்சல் நிகழ்ந்ததும் அந்த இடத்தில்தான். நகோயா பல்கலைக்கழகத்தில் இசாமு அகசாகியும் ஹிரோஷி அமானோவும் 1986-இல் குறைந்த வெப்பநிலையில் படிவித்த மெல்லிய அலுமினியம் நைட்ரைடு அடுக்கை முதலில் இட்டு, அதன் மேல் கண்ணாடி போன்ற காலியம் நைட்ரைடு படலத்தை வளர்த்துக் காட்டினர். நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகமுரா 1991-இல் அதே வேலைக்குக் காலியம் நைட்ரைடு அடுக்கையே பயன்படுத்தினார். மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

வளர்ந்த தகட்டை வாசிப்பது

ஊடுருவும் பிறழ்வுகள் மூன்று வகை. விளிம்புப் பிறழ்வின் பர்கர்ஸ் வெக்டர் (பிறழ்வு படிகத்தை எந்தத் திசையில், எவ்வளவு நகர்த்துகிறது என்பதைக் காட்டும் அம்பு) தளத்துக்குள் கிடக்கிறது; அதன் நீளம் 3.189 ஆங்ஸ்ட்ராம். திருகுப் பிறழ்வினுடையது சி அச்சு வழியாக நிற்கிறது, நீளம் 5.185 ஆங்ஸ்ட்ராம். மூன்றாவது இரண்டின் கலவை. இந்த வேறுபாட்டை ஏட்டுக் கல்வி என்று ஒதுக்கிவிடக் கூடாது, ஏனெனில் எக்ஸ் கதிர் அளவீட்டில் எந்தப் பிரதிபலிப்பை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து இவற்றில் ஒரு பகுதி கண்ணுக்கே படாமல் போய்விடும்.

தகட்டுக்கு இணையான அணுத்தளங்கள் தரும் (0002) பிரதிபலிப்பின் ராக்கிங் வளைகோடு (தகட்டைச் சிறிது சிறிதாகச் சாய்த்தபடி பதிவு செய்யும் எக்ஸ் கதிர்ச் செறிவு), படிகத்தின் சிறு பகுதிகள் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்பதைக் காட்டும். அதை அகலப்படுத்துபவை திருகுப் பிறழ்வும் கலப்புப் பிறழ்வும். விளிம்புப் பிறழ்வு அந்தத் தளங்களைச் சாய்ப்பதில்லை, தளத்துக்குள் முறுக்கத்தை மட்டுமே உண்டாக்குகிறது. ஆகவே அது (0002) கோட்டில் தெரியாது. (10-12) போன்ற சாய்தளப் பிரதிபலிப்பை எடுத்தால்தான் அது அகலமாக வெளிப்படும். (0002) அகலத்தை மட்டும் சொல்லிப் படலத்தின் தரத்தைப் பாராட்டும் அறிக்கை எதையும் நான் பாதி அறிக்கையாகவே எடுத்துக்கொள்வேன். சஃபையரின் மீது வளரும் படலத்தில் பெரும்பான்மை விளிம்புப் பிறழ்வுகளே என்பதால், அந்த அறிக்கை மறைப்பது பெரிய பாதியை.

அகலத்திலிருந்து எண்ணிக்கைக்கு வருவதற்கு ஒரு எளிய மதிப்பீடு உண்டு. அரை உயர அகலத்தை ரேடியனாக மாற்றி அதன் வர்க்கத்தை எடுத்து, பர்கர்ஸ் வெக்டர் நீளத்தின் வர்க்கத்தை 4.35-ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். (0002) அகலம் 200 வில்விநாடி (ஒரு டிகிரியின் 3,600-இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) என்றால் அது 0.00097 ரேடியன், திருகுக் கூறுள்ள பிறழ்வுகள் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8 கோடி. (10-12) அகலம் 300 வில்விநாடி என்றால், அதே கணக்கு விளிம்புப் பிறழ்வுகளுக்கு ஏறத்தாழ 48 கோடி என்று சொல்லும். இது மதிப்பீடுதான்; (10-12) அகலம் முறுக்கத்தை முழுமையாகக் காட்டுவதில்லை, தகட்டின் வளைவும் கோட்டை அகலப்படுத்தும். ஒரே உலையில் வளர்ந்த, ஒரே தடிமனுள்ள தகடுகளைத் தமக்குள் ஒப்பிட இது நம்பகமானது. வேறொருவர் வெளியிட்ட எண்ணுடன் போட்டிக்கு நிறுத்துவதற்கு ஏற்றதல்ல.

அடுத்துத் தகட்டை அணுவிசை நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். ஒழுங்காக வளர்ந்த பரப்பில் படிக்கட்டு வரிசை தெரியும். ஒவ்வொரு படியின் உயரமும் சி மாறிலியின் பாதியான 0.26 நானோமீட்டர் அளவில் இருக்கும். ஒரு படிக்கோடு ஓடிவந்து நடுப்பரப்பில் திடீரென ஒரு சிறு குழியில் முடிந்தால், அங்கே திருகுக் கூறுள்ள பிறழ்வு ஒன்று மேற்பரப்பைத் தொட்டிருக்கிறது. படிக்கோடு முறியாமல், அதன் மீதோ அருகிலோ மிகச் சிறிய குழி மட்டும் தெரிந்தால், அது பெரும்பாலும் விளிம்புப் பிறழ்வு. சதுர சென்டிமீட்டருக்கு 50 கோடி பிறழ்வுகள் என்றால் ஒரு சதுர மைக்ரோமீட்டரில் ஐந்து. ஐந்து மைக்ரோமீட்டர் பக்கமுள்ள படத்தில் 125. எண்ணுவதற்கு வசதியான அளவு அது. நுண்ணோக்கியின் ஊசி மழுங்கியிருந்தால் விளிம்புப் பிறழ்வின் குழிகள் படத்தில் விழாது. அதனால் இந்த எண்ணிக்கை எக்ஸ் கதிர் மதிப்பீட்டைவிடப் பல மடங்கு குறைந்து வந்தால் மகிழ்வதற்கு முன் ஊசியை மாற்றிப் பார்ப்பது நல்லது.

சூடான பாஸ்பாரிக் அமிலத்திலோ உருகிய காரத்திலோ அரிக்கச் செய்தால் குழிகள் பெரிதாகி, அளவு வாரியாகப் பிரிந்து நிற்கும். பொதுவாகத் திருகுப் பிறழ்வின் குழி பெரியது, விளிம்புப் பிறழ்வினுடையது சிறியது. நேரம் குறைந்தால் சிறிய குழிகள் திறப்பதில்லை, நேரம் கூடினால் பக்கத்துக் குழிகள் ஒன்றில் ஒன்று கலந்துவிடும். ஆகவே ஒரே தகட்டை நான்கைந்து துண்டாக வெட்டி வெவ்வேறு நேரம் அரித்து, எண்ணிக்கை நிலைபெறும் நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உருகிய காரம் தோலையும் கண்ணையும் நொடியில் பொசுக்கும் பொருள். முகக் கவசமும் வெளியேற்று விசிறியுள்ள அடைப்பும் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. எலக்ட்ரான் கற்றையால் ஒளிர வைக்கும் கேதோடு ஒளிர்வுப் படத்தில் பிறழ்வுகள் கரும்புள்ளிகளாகத் தெரியும். பிறழ்வுகள் நெருங்கும்போது புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுவதால், அடர்த்தி அதிகமான படலங்களில் அது குறைத்தே எண்ணும்.

இந்த வாசிப்பிலிருந்து கிடைக்க வேண்டிய விடை ஒன்றுதான்: பிறழ்வு அதிகமா, அதிகமென்றால் எந்த வகை? சாய்வு மட்டும் அதிகமென்றால் தகட்டின் தயாரிப்பையும் நைட்ரஜனேற்றத்தையும் (தொடக்கத்தில் அம்மோனியா சஃபையரின் பரப்பை மாற்றுவதையும்) முதலில் சந்தேகிக்க வேண்டும். முறுக்கம் அதிகமென்றால் கருவடுக்கையும் (குறைந்த வெப்பநிலையில் முதலில் இடும் மெல்லிய அடுக்கையும்) அதிலிருந்து எழும் தீவுகள் சேரும் கட்டத்தையும் பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்து ஒளிர்வு மட்டும் மங்கினால், சிக்கல் பெரும்பாலும் பிறழ்வில் இல்லை, புள்ளிக் குறைபாட்டில் (தனி அணு அளவிலான பிழையில்) இருக்கிறது.

தகடும் முதல் நிமிடங்களும்

சஃபையரை ஹைட்ரஜனில் 1050 டிகிரி செல்சியஸுக்கு மேல் சில நிமிடங்கள் சூடாக்குவது பரப்பில் ஒட்டியுள்ள அழுக்கை நீக்குவதற்காக. தகட்டைச் சி தளத்திலிருந்து ஏறத்தாழ 0.2 டிகிரி சாய்த்து வெட்டி வாங்குவது வழக்கம். பரப்பில் ஒழுங்கான படிகள் இருப்பதற்கும் அணுக்கள் அவற்றின் விளிம்பில் சென்று சேர்வதற்கும் அது உதவுகிறது. அந்தச் சாய்வு தகட்டுக்குத் தகடு மாறினால், நீங்கள் எதையும் மாற்றாமலே மேற்பரப்பு மாறும். பழைய பெட்டியில் சரியாக வந்த செய்முறை புதிய பெட்டியில் கெட்டுப்போனால், உலையைக் குறை சொல்வதற்கு முன் பெட்டியின் மேல் ஒட்டியுள்ள சாய்வு எண்ணைப் பார்க்க வேண்டும்.

அடுத்து அம்மோனியாவைத் திறந்தவுடன் சஃபையரின் மேற்பரப்பு மெல்ல அலுமினியம் நைட்ரைடாக மாறத் தொடங்கும். சிறிதளவு நைட்ரஜனேற்றம் படலத்தின் திசையை ஒழுங்குபடுத்துகிறது. அது நீண்டுவிட்டால் பரப்பில் மேடுகள் கிளம்பும். படலத்தில் சில இடங்கள் காலியம் முனை மேலிருக்கவும் சில இடங்கள் நைட்ரஜன் முனை மேலிருக்கவும் வளரும். இப்படிப் பிறக்கும் தலைகீழ்ப் பகுதிகள் நுண்ணோக்கியில் அறுகோண மேடுகளாகத் தெரியும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நைட்ரஜன் முனைப் பரப்பு விரைவாக அரிபடும், காலியம் முனைப் பரப்பு ஏறத்தாழ அப்படியே நிற்கும் என்பதால் இவற்றை உறுதிப்படுத்துவது எளிது. மேடுகள் தெரிந்தால் மாற்ற வேண்டியது அம்மோனியா திறக்கும் நேரத்தையும் அப்போதைய வெப்பநிலையையும் மட்டுமே.

பிறகு 500 முதல் 550 டிகிரியில் 20 முதல் 30 நானோமீட்டர் தடிமனுள்ள கருவடுக்கு. இது படிந்தபோது நல்ல படிகமே அல்ல. கனசதுர அமைப்பும் அறுகோண அமைப்பும் கலந்து, அடுக்குப் பிழைகள் நிறைந்து கிடக்கும். அதன் பயனெல்லாம், 1030 டிகிரிக்கு மேல் சூடேற்றும்போது அது பகுதி சிதைந்து, பொருள் இடம் மாறி, ஓரளவு ஒழுங்கான தீவுகளாகத் திரள்வதில்தான் இருக்கிறது. அடுக்கு தடிமனாக இருந்தால் திசை தவறிய துகள்கள் மீந்துவிடும். மெலிதாக இருந்தால் சூடேற்றத்தின்போதே பெரும்பகுதி ஆவியாகி, வெறும் சஃபையர் வெளியே தெரியத் தொடங்கும். சூடேற்றும் வேகம், அப்போதைய அம்மோனியாப் பாய்வு, ஹைட்ரஜனின் பங்கு ஆகியவை தடிமனுடன் பின்னிப் பிணைந்தவை. ஒன்றை மாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே வைத்தால் முன்பு கண்ட சமநிலை குலையும்.

தீவுகள் சேரும் கட்டம்

ஊடுருவும் பிறழ்வுகளின் கணக்குப் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் முடிவாகிவிடுவதால் இதில் சற்று அதிக நேரம் செலவிட வேண்டும். தகட்டின் மீது தனித்தனியாக எழுந்த தீவுகள் ஒவ்வொன்றும் அண்டைத் தீவிலிருந்து ஒரு டிகிரியின் சிறு பங்கு முறுகியோ சாய்ந்தோ இருக்கும். வயலின் இரு வரப்புகளிலிருந்து தொடங்கிய நடவு வரிசைகள் நடுவில் வந்து சேரும்போது சில வரிசைகள் எதிரே இணை கிடைக்காமல் நடுவயலிலேயே முடிந்துபோவது போல, தீவுகள் சந்திக்கும் எல்லையில் சில அணுத்தளங்கள் பாதியில் நின்றுவிடும். அப்படி நின்ற ஒவ்வொரு தளத்தின் ஓரமும் ஒரு விளிம்புப் பிறழ்வு. நெடுங்காலம் பாடமாகச் சொல்லப்பட்டுவந்த இந்த விளக்கம் முழுமையானதல்ல. வளர்ச்சியைப் பாதியில் நிறுத்தி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வுகள், கணிசமான பிறழ்வுகள் எல்லைகளில் இல்லாமல் தீவுகளின் அடியில், கருவடுக்குக்குள்ளேயே தொடங்குவதைக் காட்டியுள்ளன. நடைமுறைக்கு இரண்டும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. தீவுகள் குறைவாகவும் பெரியவையாகவும் இருக்க வேண்டும். அவை அவசரப்படாமல் சேர வேண்டும்.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. எல்லைகளின் மொத்த நீளம் குறைவதால் புதிய பிறழ்வுகள் குறைகின்றன என்பது முதலாவது. தீவு உயரமாக வளரும்போது அதன் சாய்ந்த முகங்களைத் தொடும் பிறழ்வு தன் பாதையை மாற்றிக் கிடையாக வளைந்துவிடுகிறது என்பது இரண்டாவது. கிடையாகச் செல்லும் பிறழ்வு எதிர்க் குறியுள்ள இன்னொன்றைச் சந்தித்தால் இரண்டும் அழியும்; ஒத்த வகையைச் சந்தித்தால் இரண்டு ஒன்றாகும்; எதுவும் நடக்காவிட்டாலும் அது மேற்பரப்பை எட்டுவது தாமதமாகும். தீவுகள் உடனே சேர்ந்து பரப்புத் தட்டையாகிவிட்டால் இந்த வாய்ப்புப் போய்விடும், பிறழ்வுகள் செங்குத்தாகவே ஏறிவிடும்.

தீவுகளை உயர வளர்க்க உதவுபவை: உலையின் அழுத்தத்தைக் கூட்டுவது, நைட்ரஜனைத் தரும் அம்மோனியாவுக்கும் காலியத்தைத் தரும் ட்ரைமெத்தில் காலியத்துக்குமான விகிதத்தைக் குறைப்பது, வெப்பநிலையைச் சற்றுத் தாழ்த்துவது. பக்கவாட்டில் பரப்பிச் சேர்க்க உதவுபவை இவற்றுக்கு நேர் எதிரானவை. ஆகவே முதல் கட்டத்தை உயர் அழுத்தத்திலும் குறைந்த விகிதத்திலும் நடத்தி, போதுமான உயரம் வந்த பிறகு அழுத்தத்தைக் குறைத்து, வெப்பநிலையையும் விகிதத்தையும் ஏற்றிப் பரப்பை மூடுவது பயனுள்ள உத்தி. அம்மோனியாவுடன் சிலிக்கானைத் தரும் சிலேன் வாயுவையும் சிறிது நேரம் செலுத்தி, பரப்பின் மீது சிலிக்கான் நைட்ரைடு இடைவெளிவிட்டுப் படியச் செய்தால், மூடப்படாத இடங்களில் மட்டும் தீவுகள் மீண்டும் எழும். அதுவும் இதே கொள்கைதான்.

இதைக் கண்ணால் காண வழி உண்டு. பெரும்பாலான உலைகளில் வளரும் பரப்பின் மீது லேசர் ஒளியைச் செலுத்தி அதன் பிரதிபலிப்பை நேரத்தோடு பதிவு செய்யும் கருவி இருக்கும். கருவடுக்குப் படியும்போது பிரதிபலிப்பு மெல்ல ஏறும். சூடேற்றும்போது பரப்புச் சொரசொரப்பாவதால் அது விழும். உயர் வெப்ப வளர்ச்சி தொடங்கிய பிறகு சிறு அலைவுகள் தோன்றி, தீவுகள் சேரச் சேர அவற்றின் வீச்சுக் கூடி, பரப்பு மூடியதும் முழு வீச்சில் நிலைபெறும். 633 நானோமீட்டர் ஒளியில் ஒரு முழு அலைவு ஏறத்தாழ 130 நானோமீட்டர் தடிமனுக்குச் சமம். மணிக்கு 2 மைக்ரோமீட்டர் வேகத்தில் வளர்த்தால் ஓர் அலைவுக்குச் சுமார் நான்கு நிமிடம். முதல் அலைவிலிருந்தே வீச்சு முழுமையாக இருந்தால், பார்ப்பதற்கு அழகான அந்தக் கோடு உண்மையில் கெட்ட செய்தி: தீவுகள் ஏராளமாக எழுந்து உடனே சேர்ந்துவிட்டன, (10-12) அகலம் பெரிதாகவே வரும். வீச்சின் மீட்சிக்குச் சில அலைவுகள் பிடிக்கும் வகையில் செய்முறையை அமைத்து, அந்த மீட்சி நேரத்தை ஒவ்வொரு வளர்ப்புக்கும் பதிவேட்டில் எழுதி வைத்து, எக்ஸ் கதிர் அகலத்தோடு ஒரே தாளில் வரைந்தால், உங்கள் உலைக்கே உரிய திருத்தக் கோடு கிடைத்துவிடும். அதன் பிறகு, தகடு உலையில் இருக்கும்போதே அதன் தரம் ஓரளவு தெரிந்துவிடும்.

மீட்சியை இஷ்டப்படி நீட்டிக்கொண்டே போகவும் முடியாது. பரப்பு மூடாமல் குழிகள் மிஞ்சும் அபாயம் ஒன்று. தீவுகளின் சாய்ந்த முகங்கள் ஆக்சிஜனை அதிகம் ஏற்றுக்கொள்வதால் இடைமுகத்தை ஒட்டி மின்கடத்தும் அடுக்கு ஒன்று தானாக உருவாவது மற்றொன்று. எல்இடி செய்பவருக்கு இந்த அடுக்கு பொருட்டல்ல. டிரான்சிஸ்டர் செய்பவருக்கு அதுவே மின்கசிவின் பாதை.

கூம்புகள் பொறித்த சஃபையர்த் தகடுகள் இந்த வேலையின் ஒரு பகுதியைத் தகட்டிடமே ஒப்படைத்துவிடுகின்றன. கூம்புகளுக்கு இடையேயுள்ள தட்டைப் பகுதியில் வளர்ச்சி தொடங்கி, கூம்பின் மேல் பக்கவாட்டில் பரவி மூடுவதால் பிறழ்வுகள் வளைவதற்கான இடம் கிடைக்கிறது. ஒளி வெளியேறுவதும் கூடுகிறது. எல்இடித் தொழிலில் இவை பரவலாகப் பயன்படுவதற்கு இரண்டாவது காரணமே பெரிது என்பது என் எண்ணம்.

பிரதான அடுக்கு

இனி வரும் மைக்ரோமீட்டர்களில் புதிய ஊடுருவும் பிறழ்வுகள் அதிகம் பிறப்பதில்லை. உள்ளவை ஒன்றையொன்று சந்தித்து மெல்லக் குறைகின்றன. அடுக்கைத் தடிமனாக்குவது பயன் தரும், ஆனால் பலன் வரவரக் குறையும், அதோடு தகட்டின் வளைவும் கூடும். இந்தக் கட்டத்தில் நிஜமாகவே உங்கள் கையில் இருப்பவை புள்ளிக் குறைபாடுகள். ட்ரைமெத்தில் காலியத்தின் மெத்தில் தொகுதிகளிலிருந்து வரும் கார்பன், வெப்பநிலையும் அழுத்தமும் அம்மோனியாவின் விகிதமும் குறையும்போது படலத்தில் அதிகம் நுழைகிறது. நைட்ரஜன் இடத்தில் உட்காரும் கார்பன், 2.2 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டித் தெரியும் மஞ்சள் ஒளிர்வின் முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. ஒளிர்வு நிறமாலையில் படலத்தின் இயல்பான ஒளிர்வான பட்டை விளிம்பு ஒளிர்வைவிட மஞ்சள் ஓங்கியிருந்தால், பிரதான அடுக்கின் அழுத்தத்தையும் விகிதத்தையும் ஏற்றிப் பார்க்க இதுவே தருணம். மாசூட்டாத (வேண்டுமென்றே வேற்றணு எதையும் சேர்க்காத) படலமும் எலக்ட்ரான் கடத்தியாகவே வந்தால் ஆக்சிஜனையோ சிலிக்கானையோ சந்தேகிக்கலாம். அம்மோனியாவின் ஈரப்பதத்தை நீக்கும் சுத்திகரிப்பானின் ஆயுள் முடிந்திருப்பது நினைப்பதைவிட அடிக்கடி நேர்வது.

சிலிக்கானை வேண்டுமென்றே மிகுதியாக மாசூட்டும்போது இன்னொரு தொல்லை உண்டு. அது விளிம்புப் பிறழ்வுகளைச் சாய்க்கிறது. சாய்ந்த பிறழ்வு அடுக்கில் இழுவிசைத் தகைவைச் சேர்க்கிறது. தடிமன் கூடும்போது அது விரிசலாக முடியலாம்.

இண்டியம் சேர்க்கும்போது

நீல எல்இடியில் ஒளியை உமிழும், இண்டியம் கலந்த மெல்லிய அடுக்குகளான குவாண்டம் கிணறுகள் மூன்று நானோமீட்டர் அளவே தடிமனுள்ளவை. அவற்றை 700 முதல் 800 டிகிரியில், ஹைட்ரஜனுக்குப் பதில் நைட்ரஜனைச் சுமப்பு வாயுவாகக் கொண்டு வளர்க்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதற்கு மேல் இண்டியம் படலத்தில் தங்காது. அந்தத் தாழ்ந்த வெப்பத்தில் காலியம் அணுக்கள் பரப்பில் தாராளமாக நகர்வதில்லை. ஊடுருவும் பிறழ்வு ஒன்று பரப்பைத் தொடும் இடத்தில் உள்ள சிறு பள்ளம் நிரம்பாமல், ஆறு சாய்முகங்கள் கொண்ட தலைகீழ்க் கூம்பாகத் திறந்துகொள்கிறது. இவற்றை வி குழிகள் என்பார்கள். இவற்றை முற்றிலும் ஒழிக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் சாய்முகங்களில் வளரும் கிணறுகள் மெலிதாகவும் இண்டியம் குறைந்தும் இருப்பதால் அங்கே ஆற்றல் தடை உயர்ந்து, எலக்ட்ரான்களும் துளைகளும் (எலக்ட்ரான் இல்லாத இடங்களான நேர்மின் சுமப்பிகளும்) நடுவிலுள்ள பிறழ்வை எட்டாமல் தடுக்கப்படுகின்றன. ஆகவே அளவான வி குழிகள் எல்இடிக்கு உதவக்கூடும். மின்கசிவு கூடினால்தான் கிணறுகளுக்கு இடையேயுள்ள தடுப்பு அடுக்குகளின் வெப்பநிலையை ஏற்றி அவற்றைச் சிறிதாக்க வேண்டும்.

பிறழ்வு எவ்வளவு இருந்தால் அதிகம் என்ற கேள்விக்கும் இங்கே பதில் தேட வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட பிறழ்வுகள் இருந்தும் நீல எல்இடிகள் பிரகாசமாக ஒளிர்வதை 1995-இல் வெளியான ஓர் எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வு காட்டியபோது, பத்து லட்சத்தைத் தொடுமுன்பே ஒளி மங்கிவிடும் ஆர்சனைடுகளுக்குப் பழகியவர்கள் வியந்தார்கள். இண்டியம் செறிவின் ஏற்ற இறக்கத்தால் மின்னூட்டங்கள் சிறு இடங்களில் கட்டுண்டு, பிறழ்வுகள்வரை அலைவதில்லை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். லேசர் டையோடுக்கு இந்தச் சலுகை இல்லை. நகமுராவின் குழு 1997-இல் 10,000 மணி நேர ஆயுள் மதிப்பிடப்பட்ட நீல ஊதா லேசரைக் காட்ட, பிறழ்வுகளை மறைத்துப் பக்கவாட்டில் வளர்க்கும் முறையால் அடர்த்தியைப் பெருமளவு குறைக்க வேண்டியிருந்தது. எனவே எண்ணைக் குறைக்கப் பாடுபடுவதற்கு முன், எந்தக் கருவிக்காக வளர்க்கிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

மெக்னீசியமும் குளிர்விப்பும்

துளைகளைத் தருவதற்காக மெக்னீசியம் சேர்க்கும் மேல் அடுக்கில் அதை அளவு மீறிச் செலுத்தினால், கூம்பு வடிவச் சிறு தலைகீழ்ப் பகுதிகள் உண்டாகித் துளைகளின் எண்ணிக்கை கூடுவதற்குப் பதில் குறையத் தொடங்கும். மெக்னீசியம் குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு தாமதமாக வரும், நிறுத்திய பிறகும் வந்துகொண்டே இருக்கும். அடுத்த தகட்டின் கிணறுகள் காரணமின்றி மங்கினால் முந்தைய வளர்ப்பு என்னவென்று பதிவேட்டில் பாருங்கள்.

வளர்ப்பு முடிந்த பிறகும் குறைபாடுகள் பிறக்கின்றன. சஃபையர் காலியம் நைட்ரைடைவிட அதிகம் சுருங்குவதால், ஆயிரம் டிகிரி இறங்கும்போது படலம் அமுக்கப்பட்டுத் தகடு மேல்நோக்கிக் குவிகிறது. அமுக்கத்தில் விரிசல் எளிதில் வராது. சிலிக்கான் தகட்டில் நிலைமை தலைகீழ்: அது குறைவாகச் சுருங்குகிறது, படலம் இழுபடுகிறது, தகைவைச் சமன் செய்யாவிட்டால் ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டிய தடிமனிலேயே 60 டிகிரி கோணங்களில் வெட்டிக்கொள்ளும் விரிசல் வலை தெரியும். அதைத் தடுக்க, அடியில் அலுமினியம் நைட்ரைடும் அலுமினியம் படிப்படியாகக் குறையும் அடுக்குகளும் இட்டு, வளர்ச்சி வெப்பத்திலேயே அமுக்கத்தைச் சேமித்து வைக்கிறார்கள். விரிசல் குளிரும்போது வந்ததா வளரும்போதே வந்ததா என்பதை வளைவு அளவியின் பதிவும் விரிசலின் ஓரங்களும் சொல்லும். வளரும்போது பிறந்த விரிசலின் ஓரங்களில் அதன் பின் படிந்த பொருள் சேர்ந்து மழுங்கியிருக்கும். குளிரும்போது பிறந்ததின் ஓரங்கள் கூர்மையாக இருக்கும்.

கடைசியாகப் பிறப்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. ஹைட்ரஜன் மெக்னீசியத்தோடு பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. தகடு அம்மோனியாவில் குளிரும்போதும் இது தொடர்கிறது. எக்ஸ் கதிர் அகலமும் பரப்பும் அப்பழுக்கின்றி இருந்தும் மேல் அடுக்கு மின்சாரத்தைக் கடத்த மறுத்தால், வளர்ப்புச் செய்முறையைத் தொடாமல் தகட்டை நைட்ரஜனில் 700 டிகிரிக்கு மேல் சூடாக்கி மறுபடி அளக்க வேண்டும். இந்த வழியை நகமுராவின் குழு 1992-இல் காட்டியது. அதே தகட்டை அம்மோனியாவில் 600 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் தடை மீண்டும் ஏறிவிடும் என்பதையும் அவர்களே கண்டனர். ஆகவே இந்தச் சூடேற்றத்தை வளர்ப்பு உலையிலேயே செய்வதானால், அம்மோனியா வால்வு முழுமையாக மூடியிருப்பதையும் குழாய்கள் நைட்ரஜனால் துடைக்கப்பட்டிருப்பதையும் உறுதி செய்துகொண்டே வெப்பத்தை ஏற்ற வேண்டும்.